பதில்: சம்பளம் நல்லது, மேனேஜர் தாங்கவில்லை, வேலையை விடலாமா?

விடலாம், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் கம்பெனியின் காரைக்குடி கிளையில் சேர்ந்து நாலு வருடம் நாலு மாதம் ஆகிறது என்கிறீர்கள். ஐந்து முடிந்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, வரும். (நாலு வருடமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதை நம்பி கம்பெனியோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.)

திட்டு, ஞாயிற்றுக்கிழமை போன், லீவுக்கு இழுத்தடிப்பு என நீங்கள் எழுதிய எல்லாமே ஒரே ஆளிடமிருந்து வருகிறது. எனக்கென்னவோ கோளாறு கம்பெனியில் இல்லை, அந்த மேனேஜரிடம்தான் என்று படுகிறது. தேவகோட்டை கிளையில் இருப்பவர்களிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். அங்கே நிம்மதியாக இருந்தால் டிரான்ஸ்பர் கேளுங்கள், அங்கேயும் இதே கூத்து என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

நீங்கள் போக நினைக்கும் கானாடுகாத்தான் ஹோட்டலில் சம்பளம் எட்டாயிரம் குறைவு என்பதைவிட, பி.எஃப். பிடிக்கிறார்களா, சித்திரை வெயிலில் ரூம் காலியாகக் கிடக்கும்போதும் சம்பளம் தேதிக்கு வருமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. முதலாளியிடம் கேட்காதீர்கள், அங்கே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, அப்பாவுக்குச் சர்க்கரை என்றீர்களே, வேலையை விட்டால் கம்பெனி இன்சூரன்ஸ் போய்விடும். புது பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 வருடம்வரை காத்திருக்க வைக்கலாம். ராஜினாமா கொடுக்கும் முன்பே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று விசாரித்து வையுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள், ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் வரி வரலாம்.