காருக்கு ஸ்ப்ரே செராமிக் வேக்ஸ் போட்டால் பெயின்ட் உண்மையிலேயே பிழைக்குமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது: ஐந்து வருடமான கறுப்புக் கார், திறந்த வெளியில்தான் நிற்கிறது. ஷோரூமில் செராமிக் கோட்டிங்குக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். ஸ்ப்ரே பாட்டில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. அது போதுமா?

போதும். நானும் நான்கு வருடமாக அதைத்தான் போடுகிறேன். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டால்தான் பணத்துக்குப் பலன். பளபளப்புக்காக வாங்கினால் இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கீறல் விழாது என்று நம்பி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஸ்ப்ரே செய்கிற பெரிய உபகாரம், அழுக்கைப் பெயின்ட்டோடு இறுகவிடாமல் வைப்பது. அழுக்கு இறுகாவிட்டால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தேய்ப்பு குறைந்தால் பெயின்ட்டுக்கு ஆயுள் கூடும்.

என் வண்டி 2018 ஸ்விஃப்ட், கருநீலம். சென்னையில் மேடவாக்கம் பக்கம் வீடு. கார் நிற்கும் இடத்துக்குக் கூரை கிடையாது, ஒரு மாமரம்தான் இருக்கிறது. வாங்கி மூன்றாம் வருடமே, காலை வெயில் பானெட்டில் சாய்வாக விழும்போது சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்தன. எங்கும் இடிக்கவில்லை, யாரும் உரசவில்லை. தினமும் காலையில் நடந்த துடைப்புதான் காரணம். எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்க வரும் அண்ணன் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பார். பல நாள் தண்ணீர்கூட இல்லாமல் பனியன் வேஸ்ட்டை வைத்துக் காய்ந்த தூசியை அப்படியே இழுத்துவிடுவார். அந்தத் தூசியில் இருப்பது மண்ணும் மணலும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. "தூசி அப்படியே இருந்தா ஓனருங்க திட்டுறாங்க சார், நான் என்ன பண்றது" என்றார். நியாயம்தானே. "அண்ணா, என் வண்டிக்குக் கண்ணாடிய மட்டும் தொடச்சிடுங்க, பாடியத் தொட வேண்டாம். மாசப் பணம் அப்படியே தரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயின்ட்டுக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். வேக்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், நாம் தொடுவது நிறத்தையே இல்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு அந்த மெல்லிய பூச்சுக்குள்தான் கலந்திருக்கிறது. கீறலை எடுக்க மெஷின் பாலிஷ் போடும்போதெல்லாம் அதில் கொஞ்சம் கரைகிறது. அது மறுபடி வளராது. அதனால்தான் "வருஷா வருஷம் ஒரு ரப்பிங் போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, ஸ்ப்ரேக்கு வருவோம். பாட்டிலில் செராமிக் என்று போட்டிருந்தாலும் உள்ளே பீங்கான் இல்லை. சிலிக்கா சார்ந்த பாலிமர்கள் நீர்மத்தில் கலந்திருக்கின்றன. துடைத்துவிட்டபின் மேலே தங்குவது ஒரு மைக்ரானைவிட மிக மெல்லிய படலம். அதற்கு நீர் ஒட்டுவது பிடிக்காது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வோமே, பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான். தாமரை இலையில் மெழுகோடு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் இருப்பதால் துளி முழுசாக உருண்டு, போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. கார் மேற்பரப்பு வழவழப்பானது. துளி குவியும், சாய்வான இடத்தில் ஓடும், தட்டையான இடத்தில் நின்றுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

பழைய டப்பா வேக்ஸோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: அதில் இருப்பது கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு. பளபளப்பு அருமையாக இருக்கும், கருநீலத்துக்கு ஒரு ஆழம் கொடுக்கும். ஆனால் கத்திரி வெயிலில் நிற்கும் என் காருக்கு அது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. போட்டுத் தேய்க்கத் தோள்வலியும் அதிகம். ஸ்ப்ரே வகை இங்கே இரண்டரை, மூன்று மாதம் நிற்கிறது. பாட்டிலில் போட்டிருக்கும் ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கணக்கு, மூடிய கார் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு ஒருவேளை சரிவரலாம்.

ஷோரூமில் என்னிடமும் "9எச் சார், கல்லு பட்டாலும் கோடு விழாது" என்றுதான் சொன்னார்கள். வைரம் 10, இது 9 என்பது போல ஒரு தோற்றம் வரும். அந்த 9எச், பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9பி-யிலிருந்து 9எச் வரை உள்ள பென்சில்களில் மிகக் கடினமானதாலும் கீறல் விழவில்லை என்பதுதான் அதன் பொருள். வைரத்தை அளக்கும் மோஸ் அளவுகோலே வேறு. கடையில் போடும் நல்ல கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 25,000-இல் பெரும்பங்கு, கோட்டிங்குக்கு முன்னால் கீறல்களை நீக்கும் பாலிஷ் கூலிக்குப் போகவேண்டிய பணம். "பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா? பாலிஷுக்கு எத்தனை மணிநேரம் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கீறலுக்கு மேலேயே பூசி மூடித் தரப்போகிறார்கள்.

இனி செய்முறை. வேக்ஸ் போடுவது பதினைந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் சுத்தம் செய்வதற்குத்தான் ஒரு காலைப்பொழுது வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பு நுரை, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். கதவுகளின் அடிப்பாகத்தில்தான் மண் அதிகம், அதைக் கடைசியில் தொடவேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், இருக்கும் வேக்ஸையும் எடுத்துவிடும்.

கழுவிக் காய்ந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மளிகைக்கடை பாலித்தீன் கவர் ஒன்றைக் கையில் உறை போல மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானெட்டை மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவருக்குள்ளிருந்து தொட்டால் ரவை தூவியதுபோல நெருடும். பிரேக் தூள், சாலைத் தார், கட்டட வேலை நடக்கும் தெருவின் சிமென்ட், எல்லாம் ஒட்டி இறுகியிருக்கிறது. முதல் தடவை தொட்டபோது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. இதை எடுக்க கிளே பார் என்று பிசைகிற களிமண் கட்டி விற்கிறார்கள். ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் வழுக்கவிடுங்கள். கட்டியின் அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப்பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தரையில் விழுந்துவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் ஒட்டிய கட்டி வண்டியைக் கீறும். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

பூசுவதில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். மே மாத ஞாயிறு, காலை பதினோரு மணி, மரநிழல் நகர்ந்துவிட்டது. ஆர்வத்தில் பானெட், கூரை இரண்டுக்கும் மொத்தமாக அடித்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் காய்ந்து, தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் திட்டுகள். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சாயங்காலம் தகடு குளிர்ந்தபின் அதே இடத்தில் அதே ஸ்ப்ரேயை இன்னொரு தடவை லேசாக அடித்ததும், பழைய திட்டு இளகி ஒரே துடைப்பில் வந்துவிட்டது.

அதனால் நிழலில் செய்யுங்கள், தகடு குளிர்ந்திருக்கட்டும். புறங்கையை வைத்தால் சூடே தெரியக்கூடாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பானெட்டில் பாதிக்கு இரண்டே அழுத்து. காற்றடித்தால் துணியில் அடித்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் பரப்பி, உடனே காய்ந்த இன்னொரு துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். முதல் துணி போகும் இடத்தில் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் தோன்றும், இரண்டாவது துணி அதை எடுக்கும்போது தகடு கைக்கு வழுக்கும். செல்ஃபோன் டார்ச்சைச் சாய்வாகக் காட்டி எங்காவது திட்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். அன்று முழுக்கத் தண்ணீர் படாமல் இருந்தால் நல்லது. பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. முன்கண்ணாடியிலும் வேண்டாம், எனக்கு வைப்பர் தடதடவென்று துள்ள ஆரம்பித்தது.

ஈர வண்டியில் அடித்து, அப்படியே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடும் வகையும் உண்டு. மெகையர்ஸ் ஹைப்ரிட் செராமிக் வேக்ஸ் அந்த வகைதான். வேலை சுலபம். ஆனால் அதற்கு வேகமான குழாயும் நல்ல தண்ணீரும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை.

இப்போது தண்ணீர். நான் படித்த எந்த விளம்பரமும் சொல்லாத இடம் இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எங்கள் போர் தண்ணீரில் நனைத்தால் 1,200-க்கு மேல் காட்டும். வேக்ஸ் போட்ட பானெட்டில் அந்தத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகுதான். வெயிலில் ஒவ்வொரு முத்தும் சுருங்கிக் காயும்போது அதில் இருந்த சுண்ணாம்பு உப்பு முழுக்க ஒரே புள்ளியில் குவிந்து வெள்ளை வளையமாகிவிடும். வேக்ஸ் போடாத காரில் தண்ணீர் பரவிக் காய்ந்து லேசான மங்கலாக இருக்கும், இங்கே அம்மைத் தழும்பு மாதிரி எடுத்துக்காட்டும். உங்கள் கறுப்பில் இன்னும் மோசமாகத் தெரியும். பழசாகிவிட்டால் கிளியர் கோட்டையே அரித்துவிடும். ஆக, வேக்ஸ் போட்டபின் கழுவிவிட்டு "தானா காயட்டும்" என்று விடவே கூடாது. உடனே ஒத்தி எடுங்கள்.

நான் கண்டுபிடித்த வழி ஏசி தண்ணீர். ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த தண்ணீர், உப்பே கிடையாது என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் மீட்டர் 20-க்குள்தான் காட்டுகிறது. இரவில் குழாயடியில் வாளி வைத்தால் சென்னைப் புழுக்கத்துக்குக் காலையில் தாராளமாகச் சேர்ந்திருக்கும். போர் தண்ணீரில் கழுவி முடித்ததும், இதைச் செம்பில் எடுத்துக் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுவேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால் வெள்ளை வினிகரோடு ஏசி தண்ணீரைச் சரிபாதி கலந்து, துணியை நனைத்து இரண்டு மூன்று நிமிடம் மேலே போட்டு, கழுவிவிடுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஸ்ப்ரே அடிக்கவேண்டும்.

மாமரத்தடியில் நிறுத்துபவன் என்ற முறையில் வேக்ஸின் அருமை எனக்குத் தெரிவது தை, மாசியில்தான். பூ பூக்கும்போது தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற பிசின் தூறலாக வண்டி முழுக்க விழும். முன்பெல்லாம் அதைச் சுரண்டாத குறையாகத் தேய்ப்பேன். இப்போது தண்ணீர் ஊற்றிச் சிறிது ஊறவிட்டால் துணியோடு வந்துவிடுகிறது. காக்கை எச்சத்துக்கு மட்டும் வேக்ஸை நம்பாதீர்கள். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் ஒரு பகல் இருந்தால் வேக்ஸையும் தாண்டித் தடம் பதித்துவிடும். வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் வைத்திருக்கிறேன். நனைத்த துணியை எச்சத்தின்மேல் போட்டு ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுக்கவேண்டும். இழுத்துத் துடைக்கக்கூடாது.

கத்திரிக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை கட்டாயம் போடுகிறேன். இடையில் தண்ணீர் முத்தாக நிற்காமல் சப்பையாகப் பரவ ஆரம்பித்தால் இன்னொரு தடவை.

உங்கள் கார் ஐந்து வருடம் வெளியில் நின்றது என்பதால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையிலோ பானெட்டிலோ வெள்ளையாகத் தோல் உரிவதுபோல இருந்தால் கிளியர் கோட் போய்விட்டது. அதற்கு எந்த வேக்ஸும் மருந்தில்லை, அந்தத் தகட்டுக்குப் பெயின்ட்தான் அடிக்கவேண்டும். அடித்தபின் எத்தனை நாள் கழித்து வேக்ஸ் போடலாம் என்று பெயின்டரிடமே கேளுங்கள், ஒரு மாதமாவது பொறுக்கச் சொல்வார். உரியவில்லை, வெறும் வட்டக் கீறல்கள்தான் என்றால் ஒரே ஒரு தடவை நல்ல ஆளிடம் பாலிஷ் போட்டுவிட்டு ஸ்ப்ரேயைத் தொடங்குங்கள்.

அப்புறம் அந்த மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணியோடு போடாதீர்கள், பருத்தி இழை ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் திரவமும் கூடாது, நார் அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயவைத்து, தூசி படாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தால் ஒரு செட் இரண்டு வருடம் வருகிறது.