கூட்டாளி நாட்டில் குழப்பம் என்றால் வல்லரசு என்ன செய்யும்? கேள்வி பதில்

கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டத்தின் இம்மாதக் கூட்டத்தில், பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தத்தம் கூட்டாளி நாடுகளின் அரசியல் நெருக்கடிகளை எப்படிக் கையாண்டன என்பது பற்றிப் பேசினேன். நண்பர்கள் துண்டுச்சீட்டில் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். மழை வலுத்து, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் பாதிக் கேள்விகள் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்கான பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, குன்னூர்): ஐயா, 1956 அக்டோபரில் போலந்து, ஹங்கேரி இரண்டுமே மாஸ்கோவை எதிர்த்தன. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றின் மீது மட்டும் டாங்கிகளை ஏவியது ஏன்?

பதில்: போலந்து விட்டுவைக்கப்பட்டது மயிரிழையில்தான். அக்டோபர் 19 அன்று சோவியத் தலைவர் குருஷேவ் அழையா விருந்தாளியாக வார்சாவில் வந்து இறங்கினார். அங்கிருந்த சோவியத் படைகளும் தலைநகரை நோக்கி நகர்ந்தன. புதிய தலைவராக வரவிருந்த கொமுல்கா, உள்நாட்டில் சில மாற்றங்களைச் செய்வேன், ஆனால் கூட்டணியை விட்டு விலகமாட்டேன் என்று உறுதி கூறினார். அந்த உறுதியை நம்புவதற்குக் காரணமும் இருந்தது. போர் முடிந்தபின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்குக் கிடைத்த மேற்கு எல்லைக்கு அன்று மாஸ்கோவைத் தவிர வேறு காவல் இல்லை. போலந்துப் படை திருப்பிச் சுடும் என்ற அச்சமும் குருஷேவுக்கு இருந்தது.

ஹங்கேரியின் கதையைப் பாடநூல்கள் சற்றே தலைகீழாகச் சொல்கின்றன. பிரதமர் இம்ரே நாகி, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்ததால் படை வந்தது என்று படித்திருப்பீர்கள். அவர் அப்படி அறிவித்தது நவம்பர் 1 அன்று. மாஸ்கோ முடிவெடுத்ததோ அக்டோபர் 31. சோவியத் தலைமைக் குழுவின் கூட்டங்களில் அமர்ந்து மலின் என்ற அதிகாரி கையால் கிறுக்கி வைத்த குறிப்புகள் 1990களில் வெளிவந்தபோது இது தெளிவாயிற்று. 30ஆம் தேதிக் குறிப்பில் படைகளை விலக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள், அதே மனிதர்கள் மறுநாள் தாக்கலாம் என்கிறார்கள். அந்த ஒரு நாளுக்குள் புடாபெஸ்ட் நகரக் கட்சி அலுவலகத்தின் முன் காவலர்கள் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள், நாகி பல கட்சி ஆட்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தார், சூயஸ் கால்வாய்த் தகராறில் எகிப்துக்குப் பிரிட்டனும் பிரான்சும் இறுதி எச்சரிக்கை விடுத்திருந்தன. இங்கும் விட்டுக்கொடுத்தால் நம்மைப் பலவீனர்கள் என்று நினைப்பார்கள் என்பதே குருஷேவின் வாதம். நவம்பர் 4 விடியற்காலையில் டாங்கிகள் புகுந்தன. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர்கள் மாண்டார்கள். சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். நாகி 1958 ஜூனில் தூக்கிலிடப்பட்டார்.

ஆட்சியில் இருப்பவர் நல்லவரா, மக்கள் அவரை விரும்புகிறார்களா என்று வல்லரசு பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அடுத்து வருபவர் யார் பக்கம் நிற்பார் என்பதுதான் அதன் கவலை. கொமுல்காவிடம் அதற்கு விடை கிடைத்தது, நாகியிடம் கிடைக்கவில்லை. என் வாசிப்பு இது.

கேள்வி (ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வெலிங்டன்): விடுதலை, விடுதலை என்று வானொலியில் முழங்கிய அமெரிக்கா அப்போது ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது?

பதில்: ஹங்கேரிக்குக் கடற்கரை கிடையாது, மேற்கே இருந்த ஆஸ்திரியா நடுநிலை நாடு. நீங்கள் ராணுவத்தில் இருந்தவர், அந்த வரைபடத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். எதிரியின் வேலிக்குள் கைவைத்தால் அணுப்போர் மூளலாம் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் அஞ்சினார். அதனால்தான் வெளியுறவு அமைச்சர் டல்லஸ் அக்டோபர் 27 அன்றே, இந்த நாடுகளைப் படைக் கூட்டாளிகளாக நாங்கள் கருதவில்லை என்று பொதுமேடையில் சொல்லிவிட்டார். மாஸ்கோவுக்கு அது போய்ச் சேரவேண்டிய செய்தி.

அதே வாரத்தில் ஐசனோவர் தன் நெருங்கிய கூட்டாளியான பிரிட்டனைச் சூயஸ் விவகாரத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரத்தில், போர்நிறுத்தம் இல்லையென்றால் கடன் உதவியும் இல்லை என்று கைவிரித்தது போதுமானதாக இருந்தது. பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): அப்போது இந்தியா என்ன செய்தது?

பதில்: சூயஸில் உரக்கப் பேசியது, ஹங்கேரியில் முணுமுணுத்தது. ஐ.நா. கண்காணிப்பில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து நம் பிரதிநிதி கிருஷ்ண மேனன் வாக்களித்தார். 1968இல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் படை புகுந்தபோதும் ஐ.நா.வில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். அதைப் பொறுக்காமல் அசோக் மேத்தா அமைச்சர் பதவியை உதறினார். அவரை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்!

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஊட்டி): தன் சொந்தக் கூட்டாளியே மக்கள் எழுச்சியில் சிக்கும்போது அமெரிக்கா எப்போது கைவிடும்?

பதில்: ஈரானையும் பிலிப்பைன்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1977 டிசம்பர் 31 இரவு விருந்தில், கொந்தளிப்பான பகுதியில் ஈரான் ஒரு நிலையான தீவு என்று அதன் மன்னர் ஷாவைப் புகழ்ந்தார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். பதின்மூன்று மாதம் முடிவதற்குள் ஷா நாட்டை விட்டுப் போய்விட்டார். இடைப்பட்ட காலத்தில் வாஷிங்டனில் ஒருவர் அடக்கு என்றார், இன்னொருவர் பேசு என்றார். இரண்டையும் கேட்ட ஷா எதையும் செய்யவில்லை. அடுத்து யார் என்ற கேள்விக்கு அமெரிக்காவிடம் பெயர் இல்லை.

1986 பிலிப்பைன்ஸில் பெயர் இருந்தது: அதிபர் மார்கோஸை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோ. பாதுகாப்பு அமைச்சரும் துணைத் தளபதியும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மணிலா நெடுஞ்சாலையில் டாங்கிகளின் முன் மக்கள் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்கோஸ் விடியற்காலையில், அமெரிக்க அதிபர் ரீகனின் நண்பரான செனட்டர் லாக்சால்ட்டைத் தொலைபேசியில் அழைத்து, நான் பதவி விலகவேண்டுமா என்று கேட்டார். சுத்தமாக வெட்டிக்கொண்டு போய்விடுங்கள், நேரம் வந்துவிட்டது என்றார் லாக்சால்ட். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. லைனில் இருக்கிறீர்களா என்று அவர் கேட்கவேண்டியதாயிற்று. மிக மிக ஏமாற்றமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார் மார்கோஸ். அன்றிரவே அமெரிக்க ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது.

கேள்வி (மீண்டும் வெலிங்டன் நண்பர்): கூட்டாளியே படை அனுப்பச் சொல்லிக் கேட்டால்?

பதில்: 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கிளர்ச்சி வெடித்தபோது ஆப்கன் தலைவர் தராக்கி, சோவியத் பிரதமர் கோசிகினைத் தொலைபேசியில் கெஞ்சினார். உஸ்பெக், தாஜிக் வீரர்களுக்கு ஆப்கன் உடை மாட்டி அனுப்புங்கள், யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அவர் யோசனை. இரண்டு மணி நேரத்தில் உலகத்துக்கே தெரிந்துவிடும் என்று மறுத்தார் கோசிகின். அவ்வளவு தெளிவாக மறுத்தவர்கள், தராக்கியைக் கொன்று பதவிக்கு வந்த அமீன் அமெரிக்காவின் பக்கம் சாய்வாரோ என்ற சந்தேகம் வந்ததும் டிசம்பரில் படையோடு இறங்கினார்கள். படை வேண்டுமென்று அமீனும் கேட்டுக்கொண்டிருந்தவர்தான். வந்த படை 27ஆம் தேதி அவரையே சுட்டுக் கொன்றது. திரும்பிப் போக அவர்களுக்கு 1989 பிப்ரவரி வரை ஆயிற்று.

கேள்வி (தேயிலை விவசாயி, கோத்தகிரி): 1989இல் சோவியத் தன் கூட்டாளிகளை ஏன் கைவிட்டது? அது விழுந்த பிறகுதானே எங்கள் பச்சைத் தேயிலை விலையும் விழுந்தது?

பதில்: மனம் மாறியதைவிட மடி காலியானது முக்கியக் காரணம். 1981 டிசம்பரிலேயே, போலந்து, ஆட்சியை எதிர்த்து எழுந்த தொழிற்சங்கத்தின் கைக்குப் போனாலும் படை அனுப்பமாட்டோம் என்று சோவியத் உளவுத்துறைத் தலைவர் அந்த்ரோபோவ் உள்கூட்டத்தில் சொல்லிவிட்டார். போலந்துத் தளபதி ஜருசெல்ஸ்கியே ராணுவச் சட்டம் போட்டு வேலையை முடித்தார். 1989இல் கிழக்கு ஜெர்மனியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தும், மக்கள் தெருவில் இறங்கியபோது சோவியத் தலைவர் கோர்பசேவ் அவர்களைப் பாசறையிலேயே இருக்கச் சொன்னார்.

தேயிலைக் கணக்கும் நீங்கள் சொன்னதுதான். நம் தூளுக்குப் பெரிய வாடிக்கை அவர்கள். டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்த்த ரூபாய் வணிகம் முடிந்ததும், பிறகு 1998இல் ரூபிள் சரிந்ததும் நம் ஹட்டிகள் (மலைக் கிராமங்கள்) வரை வந்து அடித்தன. பறிகூலிக்குக் கட்டாமல் கொழுந்தைச் செடியிலேயே முற்றவிட்ட தோட்டங்களை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தாயகம் திரும்பியவர், கூடலூர்): 1971 ஏப்ரலில் நான் இலங்கையில் சிறுவன். ஊரடங்கின்போது ஹெலிகாப்டர்கள் பறக்கும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அவை யாருடையவை, அண்ணா?

பதில்: இலங்கை அணிசேரா நாடு என்றாலும் இந்தக் கேள்வியை விட மனமில்லை. பிரதமர் சிறிமாவோவின் அரசுக்கு எதிராக இடதுசாரி இளைஞர் அமைப்பான மக்கள் விடுதலை முன்னணி கிளர்ந்தெழுந்த மாதம் அது. அதன் தலைவர் விஜேவீர மாஸ்கோவில் படித்து, பீக்கிங் (சீனா) பக்கம் சாய்ந்ததால் சோவியத் விசாவை இழந்தவர். ஆனால் சோவியத் யூனியன் மிக் விமானங்களை அனுப்பியது அரசுக்கு. வட்டியில்லாக் கடனும் ஆதரவுக் கடிதமும் சீனா அனுப்பியதும் அரசுக்கே. பிரிட்டனும் அமெரிக்காவும்கூட உதவின. ஹெலிகாப்டர்களை இந்தியாவும் அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. நீங்கள் கேள்விப்பட்டது எதுவாகவும் இருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் அந்த இரண்டு நாடுகளும் ஒன்றோடொன்று போரில் இறங்கின.