ஒரே ஏசிதான், குளிர் மட்டும் ஏன் வேறு?

கேள்வி: என் சின்ன காரில் மதிய வெயிலில் ஏசி போட்டால் குளிர் பிடிக்கவே நேரமாகிறது. நண்பரின் சொகுசு காரில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சில்லென்று ஆகிவிடுகிறது. அதில் வேறு கேஸ் போடுகிறார்களா?

பதில்: கேஸ் காரணம் இல்லை. ஆர்-134ஏ, கொஞ்சம் புதிய கார் என்றால் ஆர்-1234ஒய்எஃப், சின்ன காரோ பெரிய காரோ பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது. புதிய கேஸுக்கு மாறியதும் அதிகக் குளிருக்காக இல்லை. பழைய கேஸ் கசிந்தால் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும், அதற்காக மாற்றினார்கள்.

ஏசி வேலை செய்யும் முறையும் ஒன்றுதான். கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், முன்னால் அதன் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸர், அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில். அந்தக் காயில் 0 டிகிரிக்குக் கீழே போனால் அதன்மேல் படிகிற ஈரம் ஐஸாகி காற்று வரும் வழியை அடைத்துவிடும், அதனால் எவ்வளவு விலை உயர்ந்த காராக இருந்தாலும் அதற்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்வார்கள். ஒரு தெர்மாமீட்டரைக் காற்று வரும் நடு வென்ட்டில் செருகிப் பாருங்கள். கார் ஓடிக் கொஞ்ச நேரம் ஆனபின், நன்றாக இருக்கிற ஏசி என்றால் இரண்டு கார்களிலும் 5 முதல் 10 டிகிரிக்குள்தான் காட்டும்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? கண்ணாடியில் தொடங்குகிறது. வெயிலில் நின்ற காரின் உள்ளே 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம், டேஷ்போர்டு அதைவிடச் சூடாக இருக்கும், கையை வைத்தால் வைத்த வேகத்தில் எடுத்துவிடுவோம். சீட்டு, டேஷ்போர்டு, கூரை எல்லாம் குடித்து வைத்திருக்கிற அந்தச் சூட்டைத்தான் ஏசி முதலில் வெளியே தள்ள வேண்டும். சொகுசு கார்கள் பலவற்றில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம் வைக்கிறார்கள், கூரையிலும் கதவிலும் தடிமனான இன்சுலேஷன் இருக்கும், காற்றை ஊதும் ஃபேனான ப்ளோயரும் பெரிது. ஏறுவதற்கு முன்பே போனிலிருந்து ஏசியை ஓடவிடும் வசதி வேறு. உங்கள் நண்பர் அதைப் பயன்படுத்தியிருந்தால் நீங்கள் பார்த்த வேகத்தில் நல்ல பங்கு அதனால் வந்திருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. ஏறியதும் நாலு கண்ணாடிகளையும் இறக்கி, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி அனல் காற்றை வெளியே விரட்டுங்கள், அதன்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனைப் போடுங்கள். நிற்கும்போது முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. இவ்வளவு செய்தும் குளிர் பிடிக்கவில்லை என்றால் ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், தூசியும் சருகும் அடைத்திருந்தால் எந்த ப்ளோயராலும் காற்றைத் தள்ள முடியாது. கண்டென்ஸரில் மண் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே 'கேஸ் போடணும்' என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள். கேஸ் தானாகத் தீராது, குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் நிரப்பினால் திரும்பவும் அதே கதைதான்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் ஏசியில் சீக்கிரம் குளிரட்டும் என்று 16-இல் வைக்கிறேன். சரிதானே?

பதில்: பயன் இல்லை. உள்ளே 50 டிகிரி கொதிக்கும்போது 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அது முழு மூச்சில்தான் ஓடும். 16 வைத்தால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். 24-இல் வைத்துவிட்டு அதன் போக்கில் விடுங்கள். டேஷ்போர்டின் மேலே இருக்கும் சின்னக் கறுப்புக் குமிழ் பல கார்களில் வெயில் அளக்கும் சென்சார். அதன்மேல் துணியோ காகிதமோ போட்டு மூடாதீர்கள், மூடினால் வெயிலே இல்லை என்று நினைத்துக் காற்றைக் குறைத்துவிடும்.

கேள்வி: அடுத்து வாங்கும் காரில் நாலு பேருக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? பின் சீட்டில் அப்பா அம்மா உட்காருவார்கள்.

பதில்: பெரியவர்களுக்காக என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பின் வென்ட்டைத்தான். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில சாதாரண கார்களில் பின் வென்ட் என்று வைத்திருப்பது வெறும் ஃபேன், உள்ளே இருக்கிற காற்றையே உறிஞ்சித் திருப்பி ஊதும். சிலவற்றில் முன் காயிலிலிருந்து குழாய் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். பெரிய கார்கள் சிலவற்றில் பின்பக்கத்துக்கென்றே தனிக் காயில். ஷோரூமில் கேட்டால் எல்லாவற்றையும் 'ரியர் ஏசி' என்றுதான் சொல்வார்கள், அதனால் டெஸ்ட் டிரைவின்போது நீங்களே பின்னால் உட்கார்ந்து, ஏசி போட்ட கையோடு வென்ட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்னால் குளிர்ந்த அதே நேரத்தில் பின்னாலும் குளிர்ந்தால் குழாய் உண்டு. கதவுக்கு நடுத்தூணில் வென்ட் இருக்கும் கார் இன்னும் நல்லது, காற்று முழங்காலில் அடிக்காமல் முகத்துக்கு வரும். இது சரியாக இருந்தால் நாலு வெப்பநிலை இல்லாததை உங்கள் பெற்றோர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

கேள்வி: ஏசி போட்டால் என் காரில் பிக்கப் குறைகிறது, பெரிய கார்களில் ஏன் தெரிவதில்லை?

பதில்: எஞ்சின் பெரிது, ஏசி எடுக்கும் சக்தி அதற்குப் பெரிய சுமை இல்லை. மேலும் உங்கள் காரில் கம்ப்ரஸர் எஞ்சினோடு 'டக்' என்று சேர்ந்து, பிறகு விலகி, மாறி மாறி ஓடும் வகையாக இருக்கலாம், சேரும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஒரு இழுப்பு இழுக்கும். தேவைக்கேற்ப தானே கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸரில் அந்த இழுப்பு தெரியாது. எலெக்ட்ரிக் கார்களில் கம்ப்ரஸர் பேட்டரியில் ஓடுவதால் சிக்னலில் நிற்கும்போதும் குளிர் குறையாது.

கேள்வி: முதன்முதலில் ஏசி வந்தது எந்தக் காரில்?

பதில்: தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடலில். அன்று அது பணக்காரர்களுக்கு மட்டுமே. காயில் டிக்கியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது, கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்து விலக்கி வைக்கும் கிளட்ச் கிடையாது, குளிர் வேண்டாம் என்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வெப்பநிலையை வைத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும் ஏசி 1964 காடிலாக்கில் வந்தது. இன்று அது சின்ன கார்களிலும் இருக்கிறது.