ஆளுநரின் தலைமைப் பணியாளருக்குக் கடிதம் எழுதலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறேன். எங்கள் அமைப்பு ஆதரித்த மசோதா சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, ஆளுநரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அவருடைய 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' எனப்படும் தலைமைப் பணியாளருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினால் பலன் உண்டா?

பதில்: பலன் குறைவு, காரணத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். கலிபோர்னியாவிலோ அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சியை நடத்துபவர்; நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஆகவே அவருடைய தலைமைப் பணியாளரை முதலமைச்சரின் செயலாளரோடு ஒப்பிடுவதே பொருந்தும். ஆனால் இவர் ஐ.ஏ.எஸ். போன்ற நிரந்தரப் பணியைச் சேர்ந்தவர் அல்லர். ஆளுநரின் நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே பதவியில் இருப்பவர்.

ஆளுநர் யாரைச் சந்திக்கிறார், எந்தக் கோப்பு எப்போது அவர் மேசைக்குப் போகிறது, ஜனவரி 10-க்குள் அளிக்க வேண்டிய வரவு செலவுத் திட்டத்தில் இரு துறைகள் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது என்பவற்றையெல்லாம் ஒழுங்குசெய்வது இவர் வேலை. 1975 முதல் 1981 வரை, அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுனிடம் இப்பொறுப்பில் இருந்த கிரே டேவிஸ் பின்னாளில் தாமே ஆளுநரானார் என்பதிலிருந்து பதவியின் கனம் புரியும். ஆயினும் இது இரவல் அதிகாரம்தான். 1979-இல் பிரவுன் வெளிமாநிலம் சென்றிருந்தபோது ஒரு நீதிபதியை நியமித்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநர் மைக் கர்ப். அரசியலமைப்பு அந்த உரிமையை அவருக்கே தருகிறது, அலுவலகத்தையே நடத்திவந்த டேவிஸுக்குத் தரவில்லை. (திரும்பி வந்த பிரவுன் அந்த நியமனத்தை விலக்கிக்கொண்டார்.)

உங்கள் மசோதாவை முதலில் படிப்பவர்கள் ஆளுநர் அலுவலகத்தின் சட்டமன்ற விவகாரப் பிரிவினரும், அதைப் பற்றி அறிக்கை தரும் துறைகளும்தான். எனவே கடிதத்தை ஆளுநர் பெயருக்கே, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரியில் மசோதா எண்ணும், 'கையெழுத்திட வேண்டுகிறோம்' என்ற சொற்களும் இருக்கட்டும். சட்டமன்ற இணையதளத்தில் மசோதாவின் வரலாற்றைத் திறந்தால், அது ஆளுநரிடம் அளிக்கப்பட்ட நாள் பதிவாகியிருக்கும். கூட்டத்தொடர் நடக்கும்போது பொதுவாக அன்றிலிருந்து 12 நாள்தான் அவகாசம். கூட்டத்தொடர் முடிவில் குவியும் மசோதாக்களுக்குக் கூடுதல் நாள்கள் உண்டு. கையெழுத்திடாமலும் திருப்பி அனுப்பாமலும் விட்டால் அது தானாகவே சட்டமாகிவிடும்.

கடிதத்துக்கு முன், மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகத்தை அழைத்து, எந்தத் துறை என்ன ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது செலவு பற்றியதாக இருக்கும். அப்படியானால் உங்கள் கடிதம் அந்த ஒன்றுக்கே பதில் சொல்லட்டும். தலைமைப் பணியாளரிடம் பேசியே ஆகவேண்டிய கட்டம் வந்தால், அந்த உறுப்பினரைப் பேசச் சொல்லுங்கள். அவருடைய தொலைபேசி அழைப்பு உங்கள் கடிதத்தைவிட விரைவில் அங்கே போய்ச் சேரும்.