கயஹோகா ஆற்றுப் படகுச் சுற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஓடும் இந்த ஆற்றில் "பழைய ஆலைகளைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆலைகள்தான் கதையே.

அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1863-ல் இதன் கிளையோடை ஒன்றின் கரையில்தான் எழுந்தது. எண்ணெய்யும் ஆலைக் கழிவும் மிதந்த ஆறு பலமுறை தீப்பிடித்திருக்கிறது. 1969 ஜூன் 22-ல் பிடித்த தீ அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிட்டது. 'டைம்' இதழ் அந்தச் செய்தியோடு போட்ட படமோ 1952-ல் நடந்த, இதைவிடப் பெரிய தீயினுடையது! ஆனாலும் நாடு விழித்துக்கொண்டது. 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்ததில் இந்தச் செய்திக்கும் பங்குண்டு.

படகில் வரும் வர்ணனையாளர் இதையெல்லாம் எப்படியும் சொல்லிவிடுவார். நீங்கள் கரையைக் கவனியுங்கள். கப்பல் போகும் பகுதியில் இரு புறமும் பெரும்பாலும் செங்குத்தான இரும்புத் தகட்டுச் சுவர். இரும்புத்தாது ஏற்றிய நீண்ட கப்பல்கள் இன்றும் வளைந்து வளைந்து எஃகு ஆலைவரை போகின்றன. அவற்றுக்காக ஆழமாகத் தூர்வாருகிறார்கள். ஆழமற்ற ஓரமோ நாணலோ இல்லாததால் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. கோடையில் அங்கே ஆக்சிஜனும் குறைகிறது. மேல்பகுதியில் மீன்கள் பெருகிவிட்டன, வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. கீழ்ப்பகுதி பின்தங்கியிருப்பதற்கு இந்தச் சுவர்கள் ஒரு முக்கியக் காரணம்.

தூக்குப் பாலங்கள் உயர்வதைப் பார்க்க மேல்தளத்தில் உட்காருங்கள்.