அமெரிக்காவில் வேட்டைக்கென்றே நிலம் வாங்கி, மானுக்குப் பயிர் வைத்து, கேபின் என்கிற சின்ன மர வீடும் கட்டிக்கொள்கிறார்களாமே? அதற்குப் பலன் உண்டா?

பலன் உண்டு. ஆனால் பலர் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. விதை வாங்கவும் கேபினுக்குப் பலகை வாங்கவும் தாராளமாகச் செலவு செய்பவர்கள், பயிரையும் கேபினையும் எங்கே வைப்பது, அங்கே எந்த வழியாகப் போய்வருவது என்று யோசிப்பதில்லை. மான் வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், நண்பர் ஒருவரோடு சேர்ந்து எனக்கு 40 ஏக்கர் காட்டில் பங்கு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். டெக்சஸிலோ ஜார்ஜியாவிலோ பயிரும் பருவமும் வேறு. 40 ஏக்கர் இங்கே சாதாரண அளவு. அந்தக் காலத்தில் அரசு நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக அளந்தது, அதில் பதினாறில் ஒரு பங்கு. எங்கள் பகுதிக்கு ட்ரிஃப்ட்லெஸ் என்று பெயர். பனியுகத்துப் பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்காமல் விட்டுப்போன மேடுபள்ளம். மேட்டில் ஓக் மரங்கள், பள்ளத்தில் ஓடை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் சிறைதான். இங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் சுடலாம். எங்கள் மாநிலத்தில் முக்கியமான துப்பாக்கி சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள். நிலம் நம்முடையதாக இருந்தாலும் மான் நம்முடையது இல்லை. சொந்தக் காட்டில் சுடுவதற்கும் உரிமம் வேண்டும். கடலைக் காட்டில் பன்றி நுழையாமல் ராத்திரி காவல் இருந்த என் பெரியப்பாவிடம் மானுக்காக விதைக்கிறோம் என்று சொன்னால், போனை வைத்துவிட்டுச் சிரிப்பார்.

சரி, பயிர். மரம் நின்ற இடத்து மண் பெரும்பாலும் அமிலமாக இருக்கும். மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பிஹெச் எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மானுக்கு விதைக்கிற க்ளோவர் என்கிற தீவனப் பயிருக்கு பிஹெச் 6-க்கு மேல் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த விதையைக் கொட்டுவது வீண், போட்ட உரத்தையும் பயிரால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு வேலை செய்யப் பல மாதம் ஆகும் என்பதால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுவது நல்லது. கடையில் பெரிய கொம்பு மானின் படம் போட்ட விதைப் பைகள் வரிசையாக இருக்கும். பின்பக்கத்துச் சீட்டைப் படித்துப் பாருங்கள்: க்ளோவர், டர்னிப், ஓட்ஸ், இவ்வளவுதான். விவசாயிகள் வாங்குகிற கடையில் அதே விதையைத் தனித்தனியாக வாங்குவது மலிவு.

எனக்குப் பிடித்தது வெள்ளை க்ளோவர். ஏக்கருக்கு 6 முதல் 8 பவுண்டு போதும். மார்ச்சில், மண் இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் கையாலேயே தூவிவிடலாம். மண் வெடித்து வெடித்து மூடும்போது விதை தானாக உள்ளே இறங்கிவிடும். உழவு வேண்டாம், டிராக்டர் வேண்டாம். பயறு வகை என்பதால் தழைச்சத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கோடையில் ஓரிரு முறை மேலாக வெட்டிவிட்டால் சில ஆண்டுகள் தாங்கும். டர்னிப், ரேப் போன்ற கடுகுக் குடும்பப் பயிர்களை ஜூலை கடைசியில் விதைக்க வேண்டும். உறைபனி விழுந்து இலையில் இனிப்பு ஏறிய பிறகுதான் பல மான்கள் அதில் வாய் வைக்கும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் போட்டால் வேர் நோய் வரும், மாற்றிப் போடுங்கள். மண் ரொம்ப மோசம் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் குளிர்கால ரை என்கிற தானியத்தைத் தூவுங்கள். பனி விலகியதும் முதலில் பச்சை காட்டுவது அதுதான். எதைப் போட்டாலும் நடுவில் ஒரு சின்ன கம்பிக் கூண்டை நட்டு வையுங்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரமும் வெளியே விரலளவும் இருந்தால், பயிர் வரவில்லை என்று புலம்ப வேண்டியதில்லை. வந்ததை மான் தின்றிருக்கிறது.

ஆனால் அரை ஏக்கர் க்ளோவர் மானின் வயிற்றை நிரப்பாது. காட்டில் வாழும் மான் ஆண்டில் பெரும்பகுதி குச்சியும் மொட்டும் காட்டுச் செடியும் தின்றே வாழ்கிறது. ஓக் கொட்டை உதிரத் தொடங்கிவிட்டால், பச்சைப் பசேலென்று நிற்கிற பயிரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதிலும் வெள்ளை ஓக்கின் கொட்டை துவர்ப்புக் குறைந்தது, அதற்குத்தான் முதல் மரியாதை. அதனால் கையில் பணம் குறைவு என்றால் விதைக்கு முன்னால் நல்ல மர அறுப்பு ரம்பம் ஒன்றை வாங்குங்கள். ஓக்கை நெருக்கி நிழல் போடும் மேப்பிள், அயர்ன்வுட் மரங்களைச் சாய்த்தால் தரையில் வெயில் விழும், மான் கடிக்கிற உயரத்தில் புதர் வரும், படுக்க மறைவும் கிடைக்கும். ஒரே வேலையில் மூன்று பலன். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கில் மட்டும் கத்தி வைக்காதீர்கள். புதுக் காயத்துக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைக் கொண்டுவந்துவிடும்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன விஷயம். மானுக்கு மூக்குதான் எல்லாம். எங்கள் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் என்றாலும், மேடுபள்ளத்தில் அது மட்டும் கணக்கில்லை. காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே போகும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கும். பள்ளத்தில் அழகான பயிர் வைத்து, மாலையில் அதற்கு மேலே சரிவில் உட்கார்ந்தால், நம் வாடையை நாமே கீழே அனுப்புகிறோம். அதைவிட மோசம், இருட்டியபின் மான் மேய்ந்துகொண்டிருக்கும் வயலைக் குறுக்கே கடந்து திரும்புவது. சில முறை அப்படிச் செய்தால் அவை இரவில் மட்டும் வரப் பழகிவிடும். மான் கண்ணில் படாமல் போகவும் வரவும் ஒரு தடம் இல்லாத இடத்தில் நான் விதைக்கவே மாட்டேன்.

கேபினுக்கும் இதே கணக்குதான். காட்டின் நடுவில், ஓடையைப் பார்த்தபடி கட்டத்தான் எல்லாருக்கும் ஆசை. 40 ஏக்கரில் நடுவில் புகையும் பேச்சும் வண்டிச் சத்தமும் இருந்தால், மான் பயமில்லாமல் நிற்க மிச்ச இடம் எதுவும் இல்லை. எங்களுடையது சாலையோர மூலையில் இருக்கிறது, காட்சி சுமார்தான். பெரிதாகவும் வேண்டாம். காட்டுயிர் மேலாண்மைக்கு அடித்தளம் போட்ட ஆல்டோ லியோபோல்ட், 1935-இல் இதே மாநிலத்தில் பராபூ அருகே தேய்ந்துபோன பண்ணையை வாங்கியபோது, குடும்பத்தோடு தங்கியது செப்பனிட்ட கோழிக் கொட்டகையில்தான். பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவச் சமூகத்தினர் நடத்தும் மர அறுவை ஆலைகளில் இழைக்காத பலகை மலிவாகக் கிடைக்கும். ஈரம் காய அடுக்கிவைத்துப் பயன்படுத்துங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அஸ்திவாரம். இங்கே குளிரில் மண் ஆழமாக உறைந்து உப்பும், அதனால் கான்கிரீட் தூண்கள் 4 அடி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் கதவு மூடாது. விறகு அடுப்பின் புகைபோக்கி கூரையிலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி மேலே இருக்க வேண்டும். வெளிக் கழிப்பறைக்கும் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் நிலம் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மக்காச்சோளத்தைக் குவித்து வைத்தால் சுலபமாயிற்றே என்று கேட்பார்கள். 2002-இல் இங்கே சிடபிள்யூடி என்கிற மான் மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் உள்ள கவுண்டிகளில் தீவனம் கொட்டுவதற்குத் தடை, ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் பரவும் என்பதால். விதைத்து வளர்த்த பயிருக்குத் தடை இல்லை. சுட்ட மானைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமைக்கிறோம். கறியை விற்கச் சட்டம் அனுமதிக்காது; வீட்டுக்குப் போக மிச்சத்தை நண்பர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். கறிக்காக மட்டும் என்றால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது, பொது வேட்டைக் காடுகளே இங்கே நிறைய இருக்கின்றன, உரிமக் கட்டணத்தோடு செலவு முடிந்தது. வருடம் முழுக்க மண்ணிலும் மரத்திலும் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள்.