எக்ஸ்போவுக்கு முன்னால் ஒரு தேதி

ஐயா, வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் உங்கள் பாப்பா செய்த மெஷினுக்குப் பேட்டண்ட் (காப்புரிமை) எடுப்பது எப்படி என்று போனில் கேட்டீர்கள். பாதிப் பதில்தான் சொன்னேன், மீதியை எழுதுகிறேன். இதே கேள்வியோடு வரும் பெற்றோர் நிறையப் பேர் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கிழங்கிலிருந்து விரலி மஞ்சளைப் பிரிக்க உங்கள் பாப்பா செய்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் அவளுக்கு முதல் கெடுதல் செய்தவன் நானாகிவிடுவேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யாராவது திருடிவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் பார்த்தவரை மாணவர்கள் உரிமையை இழப்பது பெரும்பாலும் தங்கள் வாயால்தான். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்பே கண்டுபிடிப்பு ஊருக்குத் தெரிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது புதியது இல்லை. தெரியப்படுத்தியது கண்டுபிடித்தவரே ஆனாலும் அப்படித்தான். கண்காட்சிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். மூன்று வாரத்தில் வரப்போகும் கல்லூரி எக்ஸ்போ அந்தக் கணக்கில் வராது.

பக்கத்துக் களத்தில் நாலு மூட்டை போட்டு ஓட்டிப் பார்த்தோமே என்றீர்கள். அதற்குக் கவலை வேண்டாம். வெளியில் வைத்துச் சோதித்தால்தான் தெரியும் என்கிற பொருளாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நடந்த நியாயமான சோதனையைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. மெஷினின் மூடியைத் திறந்து வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது சோதனை ஆகாது. தம்பி எடுத்த வீடியோ போனிலேயே இருக்கட்டும்.

ஆக, இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது சான்றிதழ் இல்லை, விண்ணப்பம் போட்டாயிற்று என்று காட்டும் ஒரு தேதி. அதற்குத்தான் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம். மெஷின் முழுசாக முடியாவிட்டாலும், இதுவரை கண்டுபிடித்ததை எழுதிப் பதிவு செய்யலாம். அன்றைக்கே தேதி கிடைத்துவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் கொடுக்க வேண்டும். தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். கிண்டியில் இருக்கும் பேட்டண்ட் அலுவலகத்தில் காகிதமாகக் கொடுத்தால் 1,750. பிறகு விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்கக் கேட்கும் மனுவுக்கு ஆன்லைனில் 4,000. அதைத் தொடக்கத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் போட வேண்டும், மறந்தால் விண்ணப்பமே போய்விடும். முன்பு 48 மாதம் இருந்தது, 2024-ல் சுருக்கிவிட்டார்கள். பழைய கணக்கையே சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. புரொவிஷனல்தானே என்று நாலு வரி எழுதிப் போட்டால், அந்த நாலு வரிக்கு மட்டும்தான் தேதி. எழுதாமல் விட்ட பல்சக்கரத்துக்கு அந்தத் தேதியை வைத்து உரிமை கேட்க முடியாது. படம் வரைந்து, எந்தப் பாகம் எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்று கொட்டி எழுத வேண்டும். பேட்டண்ட் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் இந்த எழுத்துக்கான கூலி. நல்லவர் கிடைத்தால் அது வீண்செலவு இல்லை.

உங்களிடம் 35,000 கேட்டவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. "ஒரே மாசத்துல பேட்டண்ட் கையில" என்றாராமே. விண்ணப்பம் பேட்டண்ட் அலுவலகத்தின் இதழில் வெளியாகி ஆறு மாதம் முடிவதற்கு முன் பேட்டண்ட் கொடுக்கவே கூடாது என்பது விதி. ஆட்சேபிப்பவர்களுக்கு விட்ட அவகாசம் அது. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம் (4,000-க்குப் பதில் 8,000), பாப்பாவுக்கு அது பொருந்தும். அந்த வழியிலும் ஒரு மாதம் நடக்காது. அப்படியானால் அவர் தருவது என்ன? ஒன்று, 'வெளியிடப்பட்டது' என்ற தாள். அது பேட்டண்ட் இல்லை, விண்ணப்பம் வரிசையில் நிற்கிறது என்று மட்டும் அர்த்தம். இன்னொன்று டிசைன் பதிவு. அது பொருளின் வெளித்தோற்றத்துக்கு 10 வருடமும், நீட்டித்தால் மேலும் 5 வருடமும் பாதுகாப்பு தரும். உள்ளே மெஷின் வேலை செய்யும் விதத்தைத் தொடாது. வேறு வடிவத்தில் டப்பா செய்து இதே வேலையை எவனும் செய்யலாம். அதற்கு 'டிசைன் பேட்டண்ட்' என்று பெயர் சூட்டி, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

கல்லூரியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள், சண்டையாக வேண்டாம். அறிவுசார் சொத்துக் கொள்கை எழுத்தில் இருந்தால் ஒரு நகல் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில், கல்லூரிப் பணத்தில் செய்த பொருளென்றால் உரிமையில் பங்கு கேட்பது வழக்கம், அதில் தவறில்லை. உரிமையாளர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. உரிமை கல்லூரிக்கே போனாலும் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும். யோசனையில் பங்கில்லாத பெயர்கள் அந்த வரிசையில் ஏறக் கூடாது. வழிகாட்டிய பேராசிரியர் உண்மையாகவே ஒரு சிக்கலைத் தீர்த்திருந்தால் அவர் பெயர் தாராளமாக வரட்டும். கையெழுத்து மட்டும் போட்டவர்களுக்கு நன்றியுரை போதும்.

"மஞ்சளையே அமெரிக்காக்காரன் பேட்டண்ட் எடுத்தானே சார்" என்று சொன்னீர்கள். சரிதான், 1995-ல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அங்கே பேட்டண்ட் கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்தது, 1997-ல் ரத்தானது. எதைக் காட்டி ஜெயித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பகுதி. இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று உணர்ச்சியாகப் பேசி இல்லை, முன்பே அச்சான எழுத்துகளைத் தேடி எடுத்து மேசையில் வைத்து. அதே கத்தி நமக்கும் உண்டு. இப்படி ஒரு மெஷின் சீனாவிலோ மகாராஷ்டிரத்திலோ ஏற்கனவே எழுத்தில் இருந்தால், பாப்பா அதைப் பார்த்ததே இல்லை என்பது செல்லாது. கூகுள் பேட்டண்ட்ஸிலும் இந்திய அலுவலகத்தின் தளத்திலும் தேடுவது இலவசம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். மஞ்சளோடு நிற்காமல் இஞ்சி, சேனை, நிலக்கடலை மெஷின்களையும் பார்க்கட்டும்.

இதனால் வேலை கிடைக்குமா என்றீர்கள். தாளைக் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம், எப்படி மாற்றினோம் என்று பத்து நிமிடம் பேசத் தெரிந்தால் இன்டர்வியூவில் எடுபடும். இந்தத் தேடலும் எழுத்தும் அவளுக்குப் பிடித்துப்போனால், அதுவே ஒரு தொழில். பேட்டண்ட் ஏஜெண்ட் தேர்வு எழுத சட்டப் படிப்பு வேண்டாம், பி.இ. போதும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு எக்ஸ்போவில் தாராளமாக ஓட்டிக் காட்டட்டும். ஸ்டாலில் 'பேட்டண்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று எழுதலாம். 'பேட்டண்ட் பெற்றது' என்று எழுதினால் சட்டப்படி அபராதம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். அதற்குள் அவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும்: கையால் ஒடிக்கும்போது உடைகிற விரலி, இவள் மெஷினில் முழுசாகக் கழன்று வருகிறதே, அது எந்தப் பாகத்தால்?